அந்தப் பச்சை விளக்குகளுக்கு பெயின்ட் அடித்துவிடாதீர்கள்

கேள்வி:

வணக்கம் அண்ணா. சென்ற வருடம் பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில், பழைய சாலையை ஒட்டி ஒரு வீடு வாங்கினோம். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு மோட்டார் கராஜும் வீட்டோடு சேர்ந்து வந்தது. அங்கே ஒரு காலத்தில் பெட்ரோல் விற்றார்கள், பம்பின் தலையில் பச்சை டைனோசர் இருந்தது என்று எதிர்வீட்டுப் பாட்டி சொல்கிறார். சுத்தம் செய்யப் போனபோது கிடைத்தவை இவை. பச்சை நிறத் தொப்பி மாதிரி 6 விளக்குகள். அவற்றில் 3 விளக்குகள் வெளிச்சுவரில் வளைந்த குழாயில் இன்னும் தொங்குகின்றன, அவற்றின் வாய் மட்டும் சாய்வாக இருக்கிறது. உள்ளே ஒரு அலமாரியில் வெள்ளையாய் உருண்டையான ஒரு பொருள், இரண்டு பக்கமும் டைனோசர் படம். தடித்த கண்ணாடியும் கம்பிக்கூண்டும் போட்ட, தூக்க முடியாத கனமான விளக்கு ஒன்று. அதில் "க்ரௌஸ்-ஹைண்ட்ஸ், சிராக்யூஸ்" என்று எழுத்து. பிறகு 6 அடி நீளத்தில் ஒரு டியூப் லைட் பெட்டி, அதன் லேபிளில் "சிகாகோ 44" என்று இருக்கிறது.

செய்தி எப்படிப் பரவியதோ, ஒருவர் வந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 700 டாலர் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். சனிக்கிழமை திரும்ப வருவார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமனார் 30 வருடம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். பச்சை விளக்கைப் பார்த்ததும் "இது எங்க மில்லுல தொங்கின விளக்குல்ல?" என்றார். துரு தேய்த்து பெயின்ட் அடித்தால் இரண்டு மடங்கு விலை போகும் என்று எனாமல் பெயின்ட் டப்பாவும் வாங்கி வைத்திருக்கிறார். இவை உண்மையிலேயே கேஸ் ஸ்டேஷன், அதாவது பெட்ரோல் பங்க் விளக்குகள்தானா? சேகரிப்பவர்களிடம் விற்பது எப்படி? பெயின்ட் அடிக்கலாமா?

— ஒரு வாசகி, பென்சில்வேனியா

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வேலையாக அந்த பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை வருகிறவருக்கு இன்றே சொல்லி அனுப்புங்கள், 3 வாரம் பொறுக்கட்டும். நிஜமாக வாங்க நினைப்பவர் பொறுப்பார். எந்த விளக்கையும் இருக்கும் இடத்திலிருந்து இன்னும் கழற்ற வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன். கழற்றிவிட்டுப் படித்தால் பயனில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பெயின்ட் விஷயத்தில் உங்கள் மாமனாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விளக்கைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது பழம்பொருள் வாங்கி விற்கும் இந்தத் தொழிலில் உள்ளவர்களே பல வருடம் அடிபட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம். "கேஸ் ஸ்டேஷன் விளக்கு" என்று அமெரிக்காவில் விற்கப்படும் பச்சை ஷேடுகளில் ஏராளமானவை எந்த கேஸ் ஸ்டேஷனையும் பார்த்ததில்லை. நூற்பாலை, பால் பண்ணை, ரயில்வே குட்ஸ் ஷெட், தானியக் கிடங்கு, பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம் என்று கூரை உயரமாக இருந்த இடத்திலெல்லாம் இதே ஷேடுதான் தொங்கியது. வெளியே பச்சை, உள்ளே வெள்ளை, விளிம்பில் சில சமயம் கறுப்பு. தயாரித்தவர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். சிகாகோவை அடுத்த டெஸ் பிளெய்ன்ஸில் பெஞ்சமின், ஒஹாயோவின் வெஸ்ட் லாஃபயட்டில் அபோலைட், பாஸ்டனில் வீலர், இன்னும் சிலர். கழுத்துப் பக்கம் "ஆர்.எல்.எம்" என்ற மூன்று எழுத்து இருந்தால், தொழிற்சாலை விளக்குகளுக்காக இவர்கள் கூடி வகுத்த பொதுத் தரத்தின் முத்திரை அது. பெட்ரோலுக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆக, விளக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது எங்கே எரிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அது எரிந்த இடம்தான் சொல்லும். உங்களுக்கு வாய்த்திருப்பது அதுதான்: விளக்கு இன்னும் அது பிறந்து வளர்ந்த சுவரிலேயே இருக்கிறது. இப்படி என் 20 வருடத் தொழிலில் எனக்குச் சில முறைதான் கிடைத்திருக்கிறது. அதனால்தான் கழற்றாதீர்கள் என்றேன்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த பிறகு கேமராவோடு போங்கள். தெருவிலிருந்து முழுக் கட்டடம், சுவரில் மூன்று விளக்கும் சேர்ந்து ஒரு படம், பிறகு ஒவ்வொன்றாகக் கிட்டத்தில். வளைந்த குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தையும் எடுங்கள். அந்தத் தகட்டைச் சுற்றிப் பல அடுக்குப் பழைய சுண்ணாம்போ பெயின்ட்டோ படிந்திருந்தால், விளக்கு நேற்று மாட்டியதல்ல என்பதற்கு அதுவே சாட்சி. விளக்கு கழன்று விழுந்த இடங்களில் சுவரில் வெளுக்காத வட்டம் தெரியும், அதையும் விடாதீர்கள். ஷேடுக்குள் குளவிக்கூடு இருந்தால் அதோடு சேர்த்தே எடுங்கள்.

நான் இதைக் கற்றது நஷ்டப்பட்டுத்தான். தொழில் தொடங்கிய புதிதில் ஒஹாயோவில் ஒரு கொட்டகையிலிருந்து மூன்று ஷேடு வாங்கினேன். ஒன்றின் கழுத்தருகே வெள்ளை ஸ்டென்சிலில் மங்கலாக நான்கைந்து எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தன. அழுக்கென்று நினைத்து, தின்னர் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் துடைத்தேன். ஷேடு பளபளத்தது. அந்த அக்டோபரில் ஹெர்ஷி ஊரின் பழைய கார்ச் சந்தையில் வைத்தபோது, பெட்ரோல் பங்க் பொருட்களையே வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஒரு பெரியவர் வந்து, அதே இடத்தில் விரலை வைத்து, "இங்கே ஏதாவது எழுதியிருந்ததா?" என்று கேட்டார். எண்ணெய்க் கம்பெனிகள் தங்கள் சொத்தென்று காட்டக் குறியீடு போடுவதுண்டாம். இருந்தது, அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஷேடைத் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துபோனார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து படம் எடுக்காத எதையும் நான் துடைப்பதில்லை.

இப்போது பெயின்ட். எனாமல் பெயின்ட் வேறு, எனாமல் வேறு. நம் வீடுகளில் இருந்த எனாமல் தட்டை நினைத்துப் பாருங்கள். கீழே விழுந்து சில்லு பெயர்ந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். உங்கள் ஷேடும் அதே பொருள்தான். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் உருக்கி ஒட்டவைத்தது. இரும்போடு பிடித்துக்கொள்ள முதலில் கோபால்ட் கலந்த கருநிறப் பூச்சு, அதன் மேல்தான் பச்சையும் வெள்ளையும். அதனால்தான் 80 வருட வெயிலுக்கும் பனிக்கும் நிறம் மங்காமல் நிற்கிறது. அந்தக் கண்ணாடியின் மேல் பெயின்ட் அடித்தால் சேகரிப்பவர் பார்வையில் அது அசலை மறைத்த பொருள். இரண்டு மடங்கு விலை போகாது, பாதிகூடத் தேறாது. சில்லும் துருவும் குறைதான், ஆனால் நேர்மையான குறை. அதற்கு வாங்குபவர் ஒரு விலை வைத்திருப்பார். பெயின்ட் அடித்த பொருளுக்கு அவரிடம் விலையே இல்லை. மாமனாரிடம் மில்லில் இருந்த எனாமல் போர்டை நினைவுபடுத்திச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்.

அசலா, இப்போது செய்ததா என்று பார்க்கவும் அந்தச் சில்லுதான் உதவும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உடைந்த விளிம்பு, கண்ணாடி உடைந்தது போல் வழுவழுப்பாக, சின்னச் சின்னப் பிறை வடிவில் இருக்க வேண்டும். பச்சைக்குக் கீழே கருநிற அடுக்கு, அதற்குக் கீழே கரும்பழுப்பில் இறுகிய துரு. புதிதாகச் செய்து பழசாக்கியதில் துரு ஆரஞ்சு நிறத்தில், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, விரலில் ஒட்டும். பவுடர் கோட்டிங் பூசியதாக இருந்தால் விளிம்பு பிளாஸ்டிக் போல உரியும். காசால் மெல்லத் தட்டினால் எனாமல் ணங்கென்னும், பவுடர் கோட்டிங் மந்தமாக ஒலிக்கும். இருட்டில் யூ.வி டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். ஒட்டுப்போட்டுப் பூசிய இடம் தனியாக வேறு நிறத்தில் எடுத்துக் காட்டும்.

வெளிச்சுவரில் உள்ள மூன்றின் வாய் சாய்வாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு ஆவலைத் தூண்டிய வரி அதுதான். நேராகக் கீழே பார்க்கும் தொப்பி ஷேடு, தரையில் வெளிச்சம் விழுவதற்கு. சாய்ந்த வாய் கொண்டது, எதிரே இருக்கும் பெயர்ப்பலகை மேலோ சுவரின் மேலோ வெளிச்சத்தைத் தள்ளுவதற்கு. கடைகளும் கேஸ் ஸ்டேஷன்களும் வாசலில் மாட்டியது இந்த வகை. வளைந்த குழாயை இங்கே கூஸ்நெக் என்பார்கள், வாத்துக் கழுத்து. அசல் குழாயும் ஷேடும் சேர்ந்தே இருந்தால், தனி ஷேடைவிட நிச்சயம் கூடுதல் மதிப்பு. மரை துருப்பிடித்து இறுகியிருக்கும். ஷேடைப் பிடித்துத் திருகினால் எனாமல் சில்லுசில்லாகத் தெறிக்கும். சுவரோடு இருக்கும் தகட்டை அவிழ்த்து, குழாயும் ஷேடும் ஒன்றாக இறக்குங்கள். அதற்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய கட்டடம் என்பதால் மின்சாரம் இல்லை என்று நம்பிவிடக்கூடாது. உள்ளே ஒயர் வெள்ளைப் பஞ்சு சுற்றியது போல இருந்து, தொட்டால் உதிர்ந்தால், அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்தக் காலத்தில் சூடு தாங்குவதற்காக விளக்குக்குள் அப்படிப்பட்ட ஒயர் போடுவதுண்டு. இழுக்காமல், வெட்டாமல், மூக்கருகே கொண்டு போகாமல் ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

டைனோசர் உருண்டைக்கு வருகிறேன். கேஸ் ஸ்டேஷன் விளக்கு என்று கேள்வியே கேட்காமல் சொல்லத்தக்க பொருள் உங்களிடம் அது ஒன்றுதான், அசலாக இருந்தால். இதை குளோப் என்பார்கள். பம்பின் உச்சியில் உட்கார்ந்து, உள்ளே ஒரு பல்பு எரிய, இருட்டுச் சாலையில் தூரத்தில் வரும் கார்க்காரருக்கு எந்தக் கம்பெனி பெட்ரோல் என்று காட்டியது. 1911-ல் எண்ணெய்த் தொழிலில் ஆதிக்கம் செலுத்திய ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 34 கம்பெனிகளாக உடைத்தது. உங்கள் மாநிலத்திலேயே பிட்ஸ்பர்க்கின் பாம் பூலவார்டில் 1913 டிசம்பரில் கல்ஃப் கம்பெனி காரை உள்ளே ஓட்டி வந்து பெட்ரோல் போடுகிற மாதிரி ஒரு நிலையத்தைக் கட்டித் திறந்தது. அதன் பிறகு தெருவுக்குத் தெரு வெவ்வேறு கம்பெனிகளின் போட்டி, பம்பின் தலையில் வெவ்வேறு குளோப். முதலில் ஒரே வார்ப்பில் செய்த கண்ணாடி உருண்டைகள். பிறகு உலோக வளையத்தில் இரண்டு கண்ணாடி முகங்கள், பிறகு கண்ணாடி உடல், கடைசியாக பிளாஸ்டிக் உடல். 1950களுக்குப் பின் பம்பு குட்டையாகி, டியூப் லைட் வெளிச்சம் பெருகியதும் குளோபுக்கு வேலை குறைந்துபோயிற்று.

டைனோசர் என்றால் சின்க்ளேர் கம்பெனி. 1930-லிருந்து விளம்பரத்தில் இந்தப் பிராணியைப் பயன்படுத்தினார்கள். "டினோ" என்ற பெயரில் பெட்ரோல் விற்ற காலத்துக் குளோபுகளில் பெரும்பாலும் 13½ அங்குலக் கண்ணாடி முகம் இரண்டு, பால் வெள்ளை பிளாஸ்டிக் உடல் ஒன்று. உடலின் அடிப்புறத்தில் "கேப்கோ" என்று வார்ப்பிலேயே எழுத்து இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சின்சினாட்டியில் இருந்த விளம்பரப் பொருள் கம்பெனி ஒன்றின் சுருக்கப் பெயர் அது. 1969-ல் சின்க்ளேரை அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு என்ற கம்பெனி வாங்கியபோது கிழக்குப் பக்கத்து நிலையங்கள் பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி கைக்குப் போயின. ஆகவே உங்கள் ஊரில் டைனோசர் பம்பு இருந்தது என்றால் ஏறக்குறைய அதற்கு முந்தைய நினைவு. அந்தப் பாட்டியிடம் வருடத்தைக் கேட்காதீர்கள், குழம்புவார். "நீங்கள் எத்தனையாவது படிக்கும்போது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை, அவர் சம்மதித்தால், அவர் குரலிலேயே பதிவுசெய்து வையுங்கள்.

டைனோசருக்குக் கிராக்கி அதிகம் என்பதால் போலியும் அதிகம். போலி என்றால் ஏமாற்றுவதற்கென்றே செய்தது என்று எண்ண வேண்டாம். வீட்டு அலங்காரத்துக்கு என்று நேர்மையாகவே விற்கிறார்கள், கை மாறக் கை மாற யாரோ ஒருவர் "அசல்" என்று சேர்த்துவிடுகிறார். முகம் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? படம் கண்ணாடியோடு சுட்டதா, ஒட்டியதா? நகத்தை வரியின் மேல் ஓட்டினால் ஸ்டிக்கர் விளிம்பு தட்டுப்படும். உடல் அசலாக இருந்தால் ஐவரி நிறத்துக்கு மஞ்சள் பாய்ந்து கொஞ்சம் இறுகியிருக்கும், மேற்பக்கம் பல்புச் சூட்டால் பழுப்பேறியும் இருக்கலாம். முகமும் உடலும் சேரும் இடத்தில் வெயில் படாத மெல்லிய கோடு ஒன்று, மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தால் நல்ல அறிகுறி. ஒரு முகம் அசல், மறுமுகம் புதுசு, உடல் மூன்றாவது ஊரில் கிடைத்தது என்ற கலவையும் சந்தையில் உண்டு. கலவையைக் கலவை என்று சொல்லி விற்பதில் தப்பில்லை.

எரியவைத்துப் பார்க்க ஆசை வரும். குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் அந்த பிளாஸ்டிக் வளைந்துவிடலாம்.

கனமான கூண்டு விளக்கைப் பற்றி: க்ரௌஸ்-ஹைண்ட்ஸ் 1897-ல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் தொடங்கிய கம்பெனி. தீப்பிடிக்கும் ஆவி சூழ்ந்த இடத்துக்கான விளக்குகளுக்குப் பெயர்பெற்றது. உள்ளே பொறி பறந்தாலும் வெடித்தாலும் வெளியே பரவாமல் தாங்குவதற்குத்தான் அந்தக் கனமும் தடித்த கண்ணாடியும். அதில் ஒரு தகடு இருக்கும், "கிளாஸ் 1, குரூப் டி" என்று இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் ஆவி அந்த டி பிரிவில்தான் வரும். ஆனால் வார்னிஷ் அறைகளிலும் ரசாயனக் கிடங்குகளிலும் இதே விளக்குத்தான். உங்கள் கராஜில் எங்கே மாட்டியிருந்தது என்பதற்குக் குழாய்த் தடம் இருந்தால் படம் எடுங்கள். தகட்டைத் தேய்க்கவே வேண்டாம். அதில்தான் பாதி மதிப்பு. இந்த விளக்கை வாங்குபவர்கள் குளோப் வாங்குபவர்கள் அல்ல. பழைய தொழிற்சாலையை வீடாக மாற்றிக் குடியிருப்பவர்கள், உணவகம் நடத்துபவர்கள்.

டியூப் லைட் பெட்டியில் கவனம் வேண்டும். "சிகாகோ 44" என்ற லேபிள் ஒரு பரிசு. அமெரிக்காவில் பெரிய ஊர்களின் பெயருக்குப் பின்னால் இப்படி ஒன்றிரண்டு இலக்கத் தபால் வட்டார எண் போடும் வழக்கம் 1943-ல் வந்தது. 1963-ல் நம் பின்கோடு போன்ற ஐந்து இலக்க ஜிப் எண் வந்ததும் அது போயிற்று. ஆக, பெட்டி ஏறக்குறைய அந்த 20 வருடத்துக்குள். காப்புரிமை எண் இருந்தால் இன்னும் நல்லது. பத்து லட்சமாவது எண் 1911-ல், இருபது லட்சமாவது 1935-ல், முப்பது லட்சமாவது 1961-ல் கொடுக்கப்பட்டது. எண்ணைப் பார்த்தால், அது கொடுக்கப்பட்ட வருடத்துக்கு முன்னால் பொருள் செய்யப்பட்டிருக்க முடியாது என்று தெரியும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூவும் அப்படித்தான். 1930களின் நடுவில்தான் அது தொழிற்சாலைகளுக்கு வந்தது. 1920களின் விளக்கு என்று யாராவது காட்டும் பொருளில் அது இருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

கவனம் என்றேனே, அது லேபிளுக்காக அல்ல. உள்ளே இருக்கும் பலாஸ்டுக்காக, நம் ஊரில் சோக் என்போமே, அது. 1979 ஜூலைக்கு முன் செய்த சோக்குகளில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. கறுப்பாகத் தார் போல எதுவும் வழிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். உங்கள் கவுண்டியில், நம் ஊர் மாவட்டம் போன்றது அது, அபாயக் கழிவு வாங்கும் நாள் இருக்கும், விசாரித்து அங்கே கொடுங்கள். சோக்கை எடுத்துவிட்ட பெட்டியை விற்கலாம். வாங்குபவரிடம் எடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். 6 அடிப் பெட்டியை யாரும் பார்சலில் அனுப்பமாட்டார்கள், உள்ளூரில் வண்டியோடு வந்து எடுத்துப்போகிறவருக்குத்தான் அது. அதை ஏதாவது கம்பத்தில் மாட்டியிருந்து, அந்தக் கம்பமும் பின்பக்கப் புல்லுக்குள் கிடந்தால் தேடிப் பிடியுங்கள், முழுதாக இருந்தால் பழைய நிலையத்தை மறுபடி நிறுவுகிறவர்கள் தேடி வருவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அங்கே பெட்ரோல் விற்றது உண்மையானால் பூமிக்கடியில் டாங்கி இன்னும் இருக்கலாம். வீடு வாங்கியபோது பத்திரத்திலோ ஆய்வு அறிக்கையிலோ இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தரையோடு தரையாக வட்ட இரும்பு மூடி, சுவரோரம் காரணமில்லாமல் உயர்ந்து நிற்கும் குழாய், இவை தெரிந்தால் மாநில சுற்றுச்சூழல் துறையிடமோ ஒரு வழக்கறிஞரிடமோ பேசுங்கள். கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களாக இருந்தால் தண்ணீரைச் சோதிக்காமல் இருக்காதீர்கள். விளக்கு விற்று வரும் பணத்தைவிட இது பெரிய விஷயம். கேஸ் ஸ்டேஷன் என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்வதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த விசாரணையும் விளக்குக்கான ஆதாரத் தேடலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். சான்பார்ன் என்ற கம்பெனி தீக்காப்பீட்டுக்காக அமெரிக்க ஊர்களுக்கு வரைந்த பழைய வரைபடங்களில் பெட்ரோல் நிலையமும் டாங்கியும் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) இணையதளத்தில் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் இடம் ஊருக்கு வெளியே என்றால் அதில் இல்லாமலும் போகலாம். அப்போது கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்குப் போய், சாலையின் பெயரைச் சொல்லிப் பழைய புகைப்படம் கேளுங்கள். பச்சை ஷேடு சுவரில் தெரிகிற ஒரே ஒரு படம் கிடைத்தால், மாமனாரின் மில் விளக்குக்கும் உங்கள் விளக்குக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் படம்தான்.

இனி விலை. 700 டாலர் அநியாயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மொத்தமாகக் கேட்கிறார் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. குவியலாகக் கேட்பவர் அதில் ஏதோ ஒன்றை மனதில் வைத்துத்தான் கேட்பார், பெரும்பாலும் குளோப். சாதாரண பச்சைத் தொப்பி ஷேடு ஒன்று, நிலைமையைப் பொறுத்து, நான் பார்த்தவரை 50 முதல் 150 டாலருக்குள் கை மாறுகிறது. கூஸ்நெக்கோடு சேர்ந்த சாய்வாய் ஷேடு அதைவிட மேலே. அசல் டினோ குளோப் முகத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால் சில நூறு டாலருக்குக் குறையாது. பணக்காரக் கனவு காண வேண்டாம், இது அரிய வகையல்ல. மிச்சிகனின் மஸ்கோ போன்ற அரிய குளோப்கள் ஐந்திலக்க டாலர் போவதைக் கேள்விப்பட்டு, எல்லாரும் தங்கள் குளோப்புக்கும் அந்த விலையை எதிர்பார்க்கிறார்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் "விற்றவை" என்று வடிகட்டி, உண்மையில் கொடுத்த விலையைப் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

என் யோசனை: குளோபைக் குவியலிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். உங்கள் மாநிலத்திலேயே ஹெர்ஷியில் அக்டோபரில் பழைய கார்க்காரர்களின் பெரிய சந்தை கூடுகிறது, டென்வர் என்ற சிற்றூரில் பெட்ரோலியானா ஏலம் நடத்தும் மார்ஃபி என்ற ஏல நிறுவனம் இருக்கிறது. பெட்ரோலியானா என்றால் பெட்ரோல் பங்க் பழம்பொருள் மொத்தத்துக்கும் இவர்கள் வைத்திருக்கும் பெயர். ஏலத்தில் விடுவதானால் அவர்கள் கமிஷனையும் வாங்குபவர் தலையில் விழும் கூடுதல் தொகையையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்காமல் பேசிப் பார்க்கவாவது ஹெர்ஷிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். குளோபைக் கையில் எடுத்துப் பார்க்கும் பத்துப் பேர் சொல்வதைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சாதாரண ஷேடுகளையும் கூண்டு விளக்கையும் உள்ளூரிலேயே விற்கலாம், அந்த 700 டாலர்காரருக்கே தனித்தனி விலை பேசிக் கொடுத்தாலும் சரி. சுவரிலிருக்கும் மூன்றையும் பிரிக்காமல், புகைப்படங்களோடு ஒரே தொகுப்பாக விற்றால்தான் அவற்றின் கதையும் அவற்றோடு போகும்.

விளம்பரத்தில் எழுதும் வாசகம் முக்கியம். "1930கள், அரிய கேஸ் ஸ்டேஷன் விளக்கு" என்று எழுதாதீர்கள். "மத்திய பென்சில்வேனியாவில் பழைய மோட்டார் கராஜ் ஒன்றின் வெளிச்சுவரிலிருந்து எங்கள் கையால் இறக்கியது. இறக்குமுன் எடுத்த படங்கள் உண்டு. இங்கே சின்க்ளேர் பெட்ரோல் விற்றதாகப் பக்கத்து வீட்டார் நினைவு. ஒயர் பழையது, எரியவைத்துப் பார்க்கவில்லை. இரண்டு இடத்தில் சில்லு உண்டு, படம் பார்க்கவும்" என்று எழுதுங்கள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னது என்றும். இந்த வட்டம் சின்னது. ஹெர்ஷியில் பார்த்தவரையே அயோவாவின் டெ மொயின்ஸில் ஆகஸ்ட் சந்தையிலும் பார்ப்பீர்கள். ஒருமுறை வார்த்தை தவறிய விற்பனையாளரிடம் அவர்கள் பேசுவதே இல்லை. நேராக எழுதுபவரை அடுத்த பொருளுக்குத் தேடி வருவார்கள்.

சுத்தம் செய்யலாமா என்று கேட்பீர்கள். எல்லாப் படமும் எடுத்த பிறகு, வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மிருதுவான துணி, அவ்வளவுதான். இரும்பு நார் கூடாது, தின்னர் கூடாது, கழுத்தருகே துணியே கூடாது. யாராவது மேலே பழைய பெயின்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

மாமனாரை இந்த வேலையிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். கண் இருப்பவர். துணியையும் சோப்புத் தண்ணீரையும் அவர் கையில் கொடுங்கள், ஷேடைப் பிடிக்கத் தெரிந்த கை அது. ஒரு விஷயம் அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்: சிங்காநல்லூர் மில்லில் தொங்கிய ஷேடுகளின் கழுத்தில் என்ன பெயர் பொறித்திருந்தது என்று அவருக்கு நினைவிருக்கிறதா? கோயம்புத்தூர் மில் விளக்குகள் எந்த ஊரில் செய்து வந்தவை என்று ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அண்ணன்